கூட்டு மாவு என்பதே சரி

கோதுமை மாவோடு வேறு மாவுகளையும் அளவறிந்து சேர்த்ததை ஆங்கிலத்தில் 'கம்போசிட் ஃபிளவர்' (composite flour) என்பார்கள். பேக்கரிப் பண்டங்களின் சத்தைப் பற்றித் தமிழில் மொழிபெயர்த்து வரும் கட்டுரைகளில் அதைக் 'கலப்பு மாவு' என்று போட்டுவிடுகிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி போய்க் 'கலப்பட மாவு' என்றே எழுதுகிறார்கள். "கலப்பட மாவு ரொட்டியில் புரதம் அதிகம்" என்று படிக்கிறவர் அந்த ரொட்டியை வாங்குவாரா?

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் 'கொம்பொனெரே' என்றால் ஒன்றாகச் சேர்த்து வைப்பது. மாவுக்கு இந்தப் பெயர் பரவ முக்கியக் காரணம், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1964-இல் தொடங்கிய திட்டம். கோதுமையை இறக்குமதி செய்தே ரொட்டி சுடும் நாடுகளில், அங்கேயே விளையும் மரவள்ளி, சோளம், கம்பு, சோயா மாவுகளை அளவறிந்து சேர்த்து ரொட்டியும் பிஸ்கட்டும் செய்யலாமா என்று பார்த்தார்கள்.

'அளவறிந்து' என்பதுதான் இங்கே உயிர். லைசின், மெத்தியோனின் இரண்டும் உடலுக்குத் தேவையான அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் கூறுகள். கோதுமைப் புரதத்தில் லைசின் குறைவு, மெத்தியோனின் பரவாயில்லை. கொண்டைக்கடலையிலும் சோயாவிலும் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மைதாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மாவை உப்ப வைக்கும் குளூட்டன் கோதுமையில்தான் வலுவாக இருக்கிறது. மற்ற மாவு கூடக் கூட பிரெட் அமுங்கிக் கனத்துவிடும். பிஸ்கட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. இப்படிக் கணக்குப் பார்த்துச் சேர்ப்பதற்குக் 'கலப்பு' என்று பெயர் வைக்கலாமா?

'கலப்பு உரம் என்கிறோமே' என்பார்கள். உரத்துக்குப் பொருந்தலாம். சாப்பாட்டுப் பொருளுக்கு முன்னால் அந்தச் சொல் வந்தால் காதில் விழுவது வேறு. பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை, மிளகாய்த் தூளில் செங்கல் பொடி என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது நம்முடையது. 'கலப்பு' என்றால் அடுத்த எழுத்தை அதுவே போட்டுக்கொள்ளும்.

'கூட்டு' அப்படியில்லை. கூட்டுப் பெருங்காயம் என்று டப்பாவிலேயே அச்சடித்து விற்கிறார்கள். பெருங்காயப் பிசினோடு மாவும் கருவேலம் பிசினும் சேர்த்த பொருள் அது. யாரும் கலப்படம் என்று சண்டைக்குப் போவதில்லை. கூட்டு வட்டி, கூட்டிலை எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கின்றன. 'பொரியலுக்குப் பக்கத்தில் வைக்கும் கூட்டு நினைவுக்கு வருமே' என்றால், வரட்டும். அதுவும் பருப்பும் காயும் சேர்ந்ததுதானே.

'பல்தானிய மாவு' என்பதும் போதாது. நவதானியத்தில் பயறும் அடக்கம் என்பதால் கடலை, சோயாவை அதில் சேர்க்கலாம், சரி. மரவள்ளிக் கிழங்கை எப்படிச் சேர்ப்பது? அப்புறம் 'சத்துமாவு' இருக்கிறது. அது கஞ்சிக்கு உரியதாக நிலைத்துவிட்டது. தவிர, சத்து உண்டென்று பெயரிலேயே முடிவு கட்டிவிடுகிறது. கூட்டு மாவு பிஸ்கட்டிலும் சர்க்கரையும் வனஸ்பதியும் வழக்கம்போல் கொட்டினால் கேழ்வரகு என்ன செய்யும்?

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் 'கலப்பு மாவு, எனவே குளூட்டன் இல்லாதது' என்றும் எழுதிவிடுகிறார்கள். இது ஆபத்து. கோதுமை கொஞ்சம் இருந்தாலும் குளூட்டன் உண்டு. குளூட்டன் சாப்பிட்டால் குடல் கெடும் சீலியாக் நோய் உள்ளவர் அதைத் தொடக்கூடாது. சொல்லை மட்டும் அகராதியில் தேடி, பொருளைத் தேடாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

நம் ஊர்க் கடைகளில் 'ராகி' என்று பெரிதாகப் போட்ட பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பல பொட்டலங்களில் முதலில் நிற்பது மைதா. ஆகவே பெயரோடு பங்கையும் எழுதச் சொல்கிறேன்: 'கோதுமை 80, கடலை 20 கூட்டு மாவு' என்று. மாவை 'மா' என்று சொல்லும் இலங்கைத் தமிழருக்கு அது கூட்டு மா.