சினாப்ஸ்களுக்குக் குறி போடும் சி4

‘பெரியப்பாவுக்கு மனச்சிதைவு நோய் இருந்தது. எனக்கு இப்போது பெண் பார்க்கிறார்கள். இது எனக்கும் வருமா? பிறக்கப்போகும் பிள்ளைக்கு?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா, வாழ்நாளில் 100 பேரில் ஒருவருக்கு, அல்லது அதைவிடச் சற்றுக் குறைவான பேருக்கு வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். பெரியப்பா, மாமா, அத்தை என்று ஒரு படி தள்ளிப்போனால் அது 2 முதல் 4 சதவீதம்தான். ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்கும் நோய் இது. வாசகர் அந்த வயதைத் தாண்டியிருந்தால் வாய்ப்பு இன்னும் குறைகிறது. இதைப் பெண் வீட்டாரிடம் சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். தோஷம், செய்வினை என்று ஊர் கதைகட்டுவது மூடிமறைக்கும் வீடுகளைப் பற்றித்தான்.

மரபணுக்களுக்கு இதில் பெரிய பங்கு இருப்பது இரட்டையர் ஆய்வுகளிலிருந்தே தெரியும். ஆனால் ஒரே கருவில் பிறந்து, மரபணுக்கள் அச்சாக ஒன்றாக இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவான ஜோடிகளில்தான். 22ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போனவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது, அது அபூர்வம். மற்றபடி ‘ஸ்கிசோஃப்ரினியா மரபணு’ என்று தனியாக ஒன்று கிடையாது. 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, சுமார் 77,000 நோயாளிகளின் டிஎன்ஏவை அலசி, மரபணுத் தொகுதியில் 287 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றும் ஆபத்தைத் துளித்துளியாகத்தான் கூட்டுகிறது.

சரி, அந்தத் துளி உடலுக்குள் என்ன செய்கிறது? பெரும்பாலான இடங்களைப் பற்றி இன்னும் அரைகுறையாகத்தான் தெரியும். ஒன்றின் கதை மட்டும் நன்றாகத் துலங்கியிருக்கிறது. எனக்கு அதைச் சொல்லச் சொல்ல அலுக்காது.

6ஆவது குரோமோசோமில் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஒரு வட்டாரம் உண்டு. ஸ்கிசோஃப்ரினியா ஆய்வுகள் திரும்பத்திரும்ப அங்கேதான் கைகாட்டின. மனநோய்க்கும் கிருமியோடு சண்டைபோடும் மரபணுக்களுக்கும் என்ன சம்பந்தம் என்று பலரும் தலையைச் சொறிந்தார்கள். ஹார்வர்டில் ஸ்டீவன் மெக்கரால் ஆய்வகத்தைச் சேர்ந்த அஸ்வின் சேகரும் சகாக்களும் 2016இல் விடையை வெளியிட்டார்கள். அதுதான் சி4.

விசித்திரமான மரபணு இது. ஒருவருடைய குரோமோசோமில் ஒரு நகல் இருக்கும், இன்னொருவருக்கு இரண்டு மூன்று. ஏ, பி என்று இரண்டு வகை. இரண்டின் புரதங்களுக்கும் நான்கு அமினோ அமிலங்களில்தான் வித்தியாசம். எந்தக் காலத்திலோ நம் மூதாதையரைத் தொற்றிய ரெட்ரோவைரஸின் மிச்சம் சில நகல்களுக்குள் செருகிக் கிடக்கிறது. அவை நீளமானவை, மற்றவை குட்டை. வழக்கமான சோதனைகள் டிஎன்ஏவில் ஓரெழுத்து மாற்றங்களை மட்டும் பார்ப்பவை. நகல்களை எண்ணத் தெரியாது. சேகர் குழு நகல்களை எண்ணியது. எந்த அமைப்புக்கு சி4ஏ புரதம் அதிகம் உற்பத்தியாகிறதோ, அதற்கு நோய் ஆபத்தும் அதிகம் என்று தெரிந்தது. இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவிலும் சி4ஏ வழக்கத்தைவிடக் கூடுதலாக வெளிப்பட்டிருந்தது.

ரத்தத்தில் சி4இன் வேலை எளியது. கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு, அதே இடத்தில் சி3 என்ற அடுத்த புரதம் படிய வழிசெய்யும். சி3 படிந்ததை விழுங்கு செல்கள் வந்து தின்றுவிடும். சாலை விரிவாக்கத்துக்கு முன் ஓரத்துப் புளியமரங்களில் பெயின்டால் எண் எழுதிவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி. எண் எழுதுபவர் மரம் வெட்டுவதில்லை. எண் விழுந்த மரம் நிற்பதுமில்லை.

மூளையிலும் இதே புரதங்கள் இதே வேலையைச் செய்கின்றன. பிறந்த குழந்தையின் மூளை, நரம்பு செல்களுக்கு இடையில் சினாப்ஸ் எனும் இணைப்புகளைத் தேவைக்கு மேல் அள்ளிப்போடுகிறது. அப்புறம் அதிகம் புழங்காதவற்றைக் கழிக்கிறது. நரம்பியல் ஆய்வாளர் பெத் ஸ்டீவன்ஸ் 2007இல் எலிக்குட்டிகளில், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் இணைப்புகளைக் கழிக்க சி3 உள்ளிட்ட இந்தக் குடும்பத்துப் புரதங்கள் தேவைப்படுவதைக் காட்டினார். குறி விழுந்த சினாப்ஸைத் தின்பது மைக்ரோகிளியா என்ற செல். சி4 இல்லாத எலிகளில் இப்படிக் கழிப்பது குறைந்தது.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும், திட்டமிடுதலையும் நிதானத்தையும் கவனிக்கும் பகுதியில்தான் இந்தக் கழித்தல் கடைசியாக நடக்கிறது: பதின்பருவத்திலும் அதைத் தாண்டியும். நோய் தலைகாட்டும் வயதும் அதுவே. கழித்தல் மிதமிஞ்சிப் போவதுதான் காரணமாக இருக்கலாம் என்று மனநல ஆய்வாளர் இர்வின் ஃபைன்பெர்க் 1982லேயே ஊகித்திருந்தார். அந்த ஊகத்துக்கு ஒரு மூலக்கூறு கிடைக்க முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது.

ஆனால் சி4இன் மிக மோசமான அமைப்பும் ஆபத்தைச் சுமார் 1.3 மடங்குதான் ஆக்குகிறது. 100இல் ஒன்று, 100இல் ஒன்றேகால் சொச்சம் ஆகும், அவ்வளவே. அதே சி4ஏ கூடுதலாக இருப்பவர்களுக்கு லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் வருவது குறைவு என்று 2020இல் தெரியவந்தது. ஆகவே ‘கெட்ட மரபணு’ என்று இதைத் திட்டவும் முடியாது. எச்சிலைத் துப்பி அனுப்பினால் மனநோய் ஜாதகம் தருகிறோம் என்பவர்களை நம்பிப் பணத்தைக் கொட்டவேண்டாம். குரல்கள் கேட்பது, காரணமற்ற சந்தேகம், ஆளே மாறிப்போவது போன்றவை தெரிந்தால் மனநல மருத்துவரிடம் சீக்கிரம் போவதற்கு அந்தக் காசு உதவும். நோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த ஏர்வாடிக் கொட்டகையில் 2001இல் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் தர்காவையோ கோயிலையோ முதலில் நாடி, மருத்துவரை இரண்டாவது இடத்தில் வைப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

இன்னொரு ஆதங்கம். மேலே சொன்ன டிஎன்ஏக்களில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அவர்களை வைத்துப் போட்ட கணக்கு நமக்குச் சரியாகப் பொருந்தாது. சென்னையில் இந்த நோய்க்கென்றே இயங்கும் ஸ்கார்ஃப் அமைப்பும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களும் 2019இல் இந்தியர்கள் சுமார் 3,000 பேரை ஆராய்ந்தார்கள். வைட்டமின் பி3ஐ உடல் கையாள உதவும் ஒரு மரபணு தட்டுப்பட்டது. பி3 பற்றாக்குறையால் வரும் பெலக்ரா நோயிலும் மனம் பேதலிப்பதுண்டு என்பதால் இது சுவாரசியமான தடயம். ஆனால் 77,000க்கு முன்னால் 3,000 எம்மாத்திரம்? அமெரிக்காவில் டெட் ஸ்டான்லி என்ற ஒரே மனிதர் 2014இல் பிராட் ஆய்வகத்துக்கு மனநோய் ஆராய்ச்சிக்கென்று 65 கோடி டாலர் கொடுத்தார். இந்தத் தடயத்தைப் பெரிய அளவில் சரிபார்க்க அதில் ஒரு சிறு பங்கு போதும். நம் அரசுகளுக்கு அது பெரிய தொகையே அல்ல.