அதிமதுரம் தினமும் குடிக்கிறீர்களா? பிரஷரையும் பொட்டாசியத்தையும் பாருங்கள்

மாத்திரையைத் தவறாமல் போடுகிறார், சாப்பாட்டில் உப்பையும் குறைத்துவிட்டார், ஆனாலும் பிரஷர் இறங்கவில்லை. இப்படி ஒருவர் வந்தால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்பு நான் ஒன்று கேட்பேன்: "நாட்டு மருந்துக் கடையில் ஏதாவது வாங்கிச் சாப்பிடுகிறீர்களா?" பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். கஷாயம், பொடி, மூலிகை டீ என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். அதில் நான் குறிப்பாகத் தேடுவது அதிமதுரத்தை.

அதிமதுரம் நல்ல மருந்து. வறட்டு இருமல், தொண்டைக் கமறல், வயிற்றெரிச்சல் எல்லாவற்றுக்கும் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அந்த வேரின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் வெறும் சுவைப் பொருள் இல்லை; உடலுக்குள் போய் வேலை செய்கிற பொருள். நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் வயிற்றுப்புண் நோயாளிகளுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் பார்த்து, 1946-ல் அதைப் பற்றி எழுதினார். புண் ஆறியது. ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முகமும் கை கால்களும் வீங்கின. பிறகு 1960-களில் இங்கிலாந்தில் இதே பொருளிலிருந்து கார்பெனாக்சலோன் என்ற வயிற்றுப்புண் மாத்திரையைத் தயாரித்தார்கள். அதிலும் அதே வீக்கம், கூடவே பிரஷரும் ஏறியது. ஆகவே இதைக் கலப்படத்தால் வந்த கோளாறு என்று நினைக்க வேண்டாம். சுத்தமான, தரமான வேர்தான் இதைச் செய்கிறது.

எப்படி? நம் உடலில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஏற்பியை (செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடத்தை) தூண்டக்கூடியது. அது நடக்காமல் இருக்க, அங்கேயே ஒரு நொதி கார்டிசாலைச் செயலற்றதாக மாற்றிவிடுகிறது. கிளிசிரைசின் குடலில் சிதைந்து உருவாகும் பொருள் இந்த நொதியைத் தடுத்துவிடும். அப்புறம் உப்பும் நீரும் உடலில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். பிரஷர் ஏறும், தசைகள் சோர்ந்துபோகும். பொட்டாசியம் மிகவும் இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

என்னிடம் வந்த அறுபது வயது தாண்டிய ஓர் அம்மாவுக்கு நடந்தது இதுதான். மாடிப்படி ஏற முடியவில்லை, தொடையில் பலமே இல்லை என்றார். நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து மகன் அழைத்து வந்திருந்தார். 3.5-க்கு மேல் இருக்க வேண்டிய பொட்டாசியம் மூன்றுக்கும் கீழே. அவர் ஏற்கெனவே நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்த பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும். அதற்கு மேல், இருமலுக்காகத் தொடங்கிய அதிமதுரக் கஷாயத்தை இருமல் நின்ற பிறகும் மாதக்கணக்கில் காலையில் குடித்து வந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அது மருந்து இல்லையே டாக்டர், வெறும் வேர்தானே" என்றார். கஷாயத்தை நிறுத்தி, பொட்டாசியம் கொடுத்ததும் கால்களில் பலம் திரும்பியது. பிரஷர் இறங்க மட்டும் சில வாரங்கள் ஆயின. நிறுத்திய மறுநாளே இதன் விளைவு போய்விடாது.

நாட்டு மருந்தைப் பற்றிய கேள்வியைக் கேட்காமல் விட்டால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி இருக்குமோ என்று ஸ்கேன் வரை போக வேண்டியிருக்கும். அந்தக் கட்டியும் அதிமதுரமும் ஒரே மாதிரி பிரஷரை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும்.

"பாட்டி காலத்திலிருந்து குடிக்கிறோமே" என்பார்கள். உண்மைதான். ஆனால் பாட்டி சளி பிடித்தபோது நாலைந்து நாள் குடித்தார், நிறுத்தினார். ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற நீர் பிரிக்கும் மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கவில்லை. இன்று பொடியாக, பாக்கெட்டாக, டீயாக வருடம் முழுக்கக் கிடைப்பதுதான் பிரச்சினை.

எவ்வளவு குடித்தால் அதிகம்? நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய ஆணையத்தின் உணவு அறிவியல் குழு சொன்னது. வேரில் நூற்றுக்கு நான்கு பங்கு கிளிசிரைசின் என்று வைத்துக்கொண்டால், 3 கிராம் பொடியிலேயே 120 மில்லிகிராம் வந்துவிடும். அந்த 100 மில்லிகிராம்கூட எல்லாருக்கும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ஸ்வீடனில் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு அதே அளவை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்ததில் பிரஷர் சற்றே ஏறியதாக 2024-ல் வந்த ஆய்வு சொல்கிறது.

பிரஷர், இதய நோய், சிறுநீரக நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். டிகாக்சின் என்ற இதய மருந்து, ஸ்டீராய்டு, நீர் பிரிக்கும் மாத்திரை போடுகிறவர்கள் தவிர்ப்பதே நல்லது. தொண்டைக்காக மட்டும் என்றால், கஷாயத்தால் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பு இப்படிக் கொப்பளித்தவர்களுக்கு, மயக்க மருந்துக் குழாயால் வரும் தொண்டை வலி குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளோடு அந்தப் பொடி பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள். தளர்ச்சியோ வீக்கமோ இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண லேபிலேயே பார்க்கலாம். சித்த மருத்துவரிடம் போகிறவர்கள், போட்டுக்கொண்டிருக்கும் ஆங்கில மருந்துகளை அவரிடமும் காட்டுங்கள். அதைத் தெரிந்துகொண்டால்தான் கஷாயத்தின் அளவையும் நாளையும் அவரால் சரியாகச் சொல்ல முடியும்.