நாலு புளியங்கொட்டையில் நிகழ்தகவு

மட்டக்களப்புப் பக்கம் புளியமரத்துக்குப் பஞ்சமில்லை. நிகழ்தகவு சொல்லிக்கொடுக்க நாலு புளியங்கொட்டை போதும். சீமெந்துத் தரையில் ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். தாயம் விளையாடுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை.

உருட்டுவதற்கு முன் கேளுங்கள்: எத்தனை வெள்ளை விழும்? பூச்சியம் முதல் நாலு வரை ஐந்து விடைகள். ஐந்துக்கும் ஒரே வாய்ப்பு என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். உடனே திருத்தாதீர்கள். ஆளுக்கொரு விடையைப் பிடித்துக்கொண்டு, விழ விழக் கோடு போடட்டும். இரண்டைப் பிடித்த பிள்ளைக்குக் கோடு கூடிக்கொண்டே போகும். நாலைப் பிடித்த பிள்ளை “இது கள்ள விளையாட்டு” என்று கத்தும். பாடம் தொடங்க அதுதான் நேரம்.

கொட்டைகளில் க, ச, ட, ப என்று எழுதுங்கள். நாலும் வெள்ளையாக விழ ஒரே வழிதான். ஒன்று மட்டும் வெள்ளையாக நாலு வழி. இரண்டுக்கு? கச, கட, கப, சட, சப, டப. ஆறு! மூன்று வெள்ளை என்றால் ஒன்று கறுப்பு, அதற்கும் நாலு. எல்லாமே கறுப்பாக ஒன்று. கூட்டினால் 16. ஆக இரண்டு வெள்ளைக்கு 6/16, நாலு வெள்ளைக்கு 1/16.

எண்ணுவதில் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். நாணயத்தை இரண்டு தடவை சுண்டி ஒரு தலையாவது விழ வாய்ப்பு என்ன? முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, ஆகவே தலை, பூ-தலை, பூ-பூ என்று வழிகள் மூன்றுதான், விடை 2/3 என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் தலம்பேர் 1754இல் எழுதினார். சரியான விடை 3/4. முதலிலேயே தலை விழுவது மட்டும் பாதி வாய்ப்பு. அதை மற்ற இரண்டோடு சமமாக வைத்துவிட்டார்.

தொடர்ந்து கறுப்பாகவே விழுந்தால், “மறுகா வெள்ளைதானே விழவேணும்?” என்று ஒரு குரல் வரும். கொட்டைக்கு ஞாபகமில்லை. முன்னர் என்ன விழுந்தாலும் அடுத்த உருட்டலுக்கு அதே 16 வழிகள்தான்.

48 தடவை உருட்டினால் பூச்சியம் முதல் நாலு வெள்ளை வரை கணக்குப்படி 3, 12, 18, 12, 3 தடவை என்று வரவேண்டும். அச்சொட்டாக வராது, உருட்ட உருட்ட விகிதம் நெருங்கி வரும். அப்படியும் விலகியே நின்றால் கொட்டையைப் பாருங்கள். வெள்ளைக்கும் கறுப்புக்கும் பாதிப்பாதி என்பது நாம் வைத்துக்கொண்ட எடுகோள்தான், கைத்தேய்ப்பு அதைக் கெடுத்திருக்கலாம்.

அப்புறம் சோழியைக் கொடுங்கள். ஒரு பக்கம் முதுகு, மறுபக்கம் வாய். பாதிப்பாதி என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. ஒரே சோழியை நூறு தடவை உருட்டி, வாய் மேலே வந்ததை எண்ணி, அதையே அதன் வாய்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.