நகாகோ: ஜப்பானிய வாளின் உட்காம்பு

பழைய ஜப்பானிய வாள்களை விற்பனைக்கு வைக்கும் பட்டியல்களில், பளபளக்கும் அலகின் படத்துக்குப் பக்கத்திலேயே, துருவேறிக் கறுத்து ஓரிரு துளைகளுடன் கிடக்கும் ஓர் இரும்புத் துண்டின் நெருக்கமான படமும் இருக்கும். சேகரிப்புக்குப் புதியவர் அதைக் கவனியாமல் அலகின் மெருகில் மயங்கி நிற்பார். பழகியவரோ முதலில் அந்தத் துருவைத்தான் பார்ப்பார். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அந்தப் பகுதிக்கு ஜப்பானிய மொழியில் ‘நகாகோ’ என்று பெயர். நம் எழுத்தில் வேறுபாடு தெரியாது என்றாலும், முதல் ககரத்தை வல்லொலியாகவும் இரண்டாவதை மெல்ல அதிர்ந்தும் ஒலிக்க வேண்டும்.

‘நகா’ என்றால் உள், நடு. ‘கோ’ என்றால் பிள்ளை. ஒன்றின் உள்ளே அடங்கிக் கிடப்பது என்பதுதான் சொல்லின் அடிப்பொருள். உலோக வார்ப்பில் அச்சின் உட்புறம் வைக்கும் உள்ளச்சையும் ஜப்பானியர் இதே பெயரால் அழைக்கின்றனர். வாளைக் குறிக்கும்போது மட்டும், ஒலிப்பை மாற்றாமலே, தாவரத்தின் தண்டைக் குறிக்கும் சீன எழுத்தையே பெரும்பாலும் எழுதுகின்றனர். ஆகவே காதுக்கு ‘உள்ளிருப்பது’ என்றும் கண்ணுக்கு ‘தண்டு’ என்றும் இருவகைப் பொருள் தரும் சொல் இது.

இதைத் தமிழில் என்ன சொல்வது? ‘அடிப்பகுதி’ என்பது தெளிவற்றது. கைப்பிடியின் அடியா, அலகின் அடியா என்ற கேள்வி எழும். ‘வால்’ என்றால் வாளுக்கு வால் என்று நாக்குத்தான் தடுக்கும். ‘காம்பு’ அருகில் வருகிறது. பூவுக்கும் இலைக்கும் உள்ளது போலவே கரண்டிக்கும் குடைக்கும் காம்பு உண்டு. ஆனால் கருவிகளில் காம்பு என்பது கையால் பிடிக்கும் பகுதி. நகாகோவைப் பயன்படுத்தும்போது யாரும் பிடிப்பதில்லை, பிடிதான் அதை மூடியிருக்கிறது. எனவே ‘உள்’ என்பதைச் சேர்த்து ‘உட்காம்பு’ என்று சொல்வதே ஜப்பானியச் சொல்லின் ஒலிப்பொருளையும் எழுத்துப்பொருளையும் ஒருசேரத் தருகிறது என்பது என் கருத்து. நம் கொல்லர் அரிவாளின் முனையைப் பழுக்கக் காய்ச்சி மரப்பிடிக்குள் அறைந்து இறுக்குவதும் ஓர் உட்காம்புதான். ஆனால் அது திரும்ப வெளியே வருவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஜப்பானிய வாளின் உட்காம்பு கழற்றிப் பார்ப்பதற்கென்றே அமைந்தது. அதைக் கைப்பிடியோடு இணைப்பது ‘மெகுகி’ எனப்படும் சிறு மூங்கில் முளை ஒன்றுதான். காம்பு என்ற சொல்லுக்கே பழந்தமிழில் மூங்கில் என்ற பொருளும் உண்டு என்பது இங்கே நினைத்து மகிழத்தக்க தற்செயல்.

கழற்றும் முறை எளிது, அவசரம்தான் ஆபத்து. சிறு பித்தளைச் சுத்தியலின் முனையால் முளையைத் தட்டி வெளியே தள்ளிவிட்டு, கைப்பிடியின் அடியை இடக்கையால் பற்றி, அலகைச் சற்றுச் சாய்வாக மேல்நோக்கி நிறுத்தி, வலக்கை முட்டியால் இடக்கை மணிக்கட்டின்மேல் அளவாகக் குத்த வேண்டும். இரண்டு மூன்று குத்துகளில் உட்காம்பு தளர்ந்து மேலெழும். குத்துவாள் போன்ற குட்டை அலகானால் மிக மெதுவாகக் குத்த வேண்டும். எடை குறைந்த அலகு துள்ளி வெளியே விழுந்துவிடும். பல ஆண்டுகளாகக் கழற்றாத பிடி அசையவில்லை என்றால் கட்டையால் அடிக்காமல் தெரிந்தவரிடம் எடுத்துச் செல்வதே நல்லது.

வெளியே வந்த உட்காம்பைப் பார்த்ததும் உப்புத்தாளைத் தேடுபவர்தான் இந்தத் துறையில் மிகப் பெரிய இழப்பைத் தமக்குத் தாமே செய்துகொள்பவர். அலகை மீண்டும் சாணைக்கல்லில் ஏற்றி மெருகூட்டலாம். உட்காம்பின் துருவை மீண்டும் உண்டாக்க முடியாது. பல நூற்றாண்டுகள் கடந்த வாளில் அது ஆழ்ந்த கருமையோடு, வழவழப்பாக, இரும்போடு இரும்பாகப் படிந்திருக்கும். பிற்காலத்து வாள்களில் நிறம் வெளிறி, அரம் இழுத்த கோடுகள் தெளிவாகத் தெரியும். வயதைச் சொல்லும் சான்றுகளில் முதன்மையான இதைத் தேய்த்து எடுத்துவிட்டால் வாளின் மதிப்பில் பெரும்பகுதி அந்தத் தாளோடு போய்விடும். கையில் ஒட்டும் செந்துரு புதிதாகப் படிந்திருந்தால், எண்ணெய் தொட்ட மென்துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உட்காம்பில் உளியால் வெட்டப்படும் எழுத்துகளை ‘மெய்’ என்பர். இதைக் ‘கையொப்பம்’ என்று மொழிபெயர்ப்பது குறைபாடுடையது. கொல்லரின் பெயரோடு அவர் வாழ்ந்த ஊர், பட்டம், செய்த ஆண்டும் மாதமும்கூட அதில் வரலாம் என்பதால் ‘பொறிப்பு’ என்பதே பொருந்தும். வெட்டும் விளிம்பு கீழ்நோக்க இடுப்பில் தொங்கவிடும் ‘தாச்சி’ வாளிலும், வெட்டும் விளிம்பு மேல்நோக்கக் கச்சையில் செருகும் ‘கத்தானா’ வாளிலும், அணிந்தவரின் உடலுக்கு வெளிப்புறமாக அமையும் பக்கத்தில் பெயரை வெட்டுவது பொதுவழக்கு. அதனால் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே வாளின் வகையை ஓரளவு காட்டிக்கொடுக்கும். போலிப் பொறிப்புக்கு ‘கிமெய்’ என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில், இன்று டோக்கியோ எனப்படும் எதோ நகரில் புகழ்பெற்ற வாட்கொல்லர் நாகசோனே கொத்தெத்சுவின் பெயரைக் கண்டால் போலி என்றே எண்ணு என்று ஜப்பானில் ஒரு வழக்கே உண்டு. கொல்லர் முதலில் அரத்தால் இழுத்துவிட்டுப் பின்னரே பெயரை வெட்டுவார். ஆகவே எழுத்தின் கோடு அரக்கோடுகளை ஊடறுத்துச் செல்ல வேண்டும். உளி பிதுக்கிய இரும்பு எழுத்தின் ஓரத்தில் சிறு வரப்பாக எழும்பி நிற்பதை அவர்கள் ‘உளித் தலையணை’ என்று அழகாகச் சொல்வர். உட்காம்பு முழுதும் கருந்துரு படிந்திருக்க, எழுத்தின் பள்ளத்துக்குள் மட்டும் நிறம் இளமையாக இருந்தால் ஐயப்பட வேண்டும்.

பொறிப்பே இல்லாத வாளை மட்டமென ஒதுக்குவதும் தவறு. குதிரைமேலிருந்து வீசிய நீண்ட பழைய வாள்கள், பிற்காலத்தில் தரையில் நின்று பொருதுவதற்காக அடியிலிருந்து வெட்டிக் குறைக்கப்பட்டன. ‘சுரியாகே’ எனப்படும் இந்த அடிக்குறைப்பில் பல வாள்களில் உட்காம்போடு பெயரும் போயிற்று. அப்படிப் பெயரிழந்த பல வாள்கள், 1948இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் உயர்ந்த தரச்சான்றுகளைப் பெற்றுள்ளன. குறைக்கப்படாமல் செய்தபடியே இருக்கும் உட்காம்பை ‘உபு’ என்பர். அதை எழுதும் எழுத்து பிறப்பைக் குறிப்பது என்பதால் ‘பிறவிக்காம்பு’ என்பது இயல்பான தமிழாகும்.

இரண்டாம் உலகப்போர்க்கால வாள்களில் உட்காம்பில் எழுத்து முத்திரை ஒன்று குத்தப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் மரபுமுறையில் அடிக்கப்படாத படைவாள். சிறு விண்மீன் முத்திரையோ அதற்கு மாறாக, மரபுவழி எஃகில் செய்து படை ஏற்ற வாளைக் குறிக்கும்.

ஜப்பானிலிருந்து நேராக வாங்குபவர் பதிவுச் சீட்டையும் உட்காம்பையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மாவட்டக் கல்விக் குழு வழங்கும் அந்தச் சீட்டில் நீளம், வளைவு, பொறிப்பு ஆகியவற்றோடு முளைத் துளைகளின் எண்ணிக்கையும் குறிக்கப்பட்டிருக்கும். வாள் நாட்டைவிட்டு வெளியேறும்போது சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பண்பாட்டு முகமையின் ஏற்றுமதி அனுமதியைப் பெற வேண்டும் என்பதால், இந்த ஒப்பீட்டை விற்பவரிடம் படங்களாகக் கேட்டு முன்னரே முடித்துக்கொள்வது முறை. சீட்டில் இரண்டு துளைகள் என்று எழுதியிருந்து உட்காம்பில் மூன்று தெரிந்தால், அந்தச் சீட்டு வேறு வாளுக்குரியதாக இருக்கலாம், அல்லது பதிவுக்குப் பிறகு யாரோ துளையிட்டிருக்கலாம். எதுவானாலும் விளக்கம் கிடைக்கும்வரை விலையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.