பையில் தங்கிவிட்ட ஊசி

மூன்று நாள் காய்ச்சல் பரவும் மாதங்களில் எங்கள் பக்கம் வலி ஊசிக்குத்தான் கிராக்கி. மாடு இன்றைக்கு ஒரு காலை நொண்டும், நாளைக்கு இன்னொரு காலை நொண்டும், தீனி எடுக்காது, படுத்துக்கொள்ளும். பெரும்பாலும் மூன்றாம் நாள் தானாகவே எழுந்துவிடும். ஆனால் அந்தப் பெருமை முந்தின நாள் போட்ட ஊசிக்குப் போய்ச் சேரும். அப்படிப் பெயர் வாங்கியவற்றில் ஒன்று கீட்டோபுரோஃபென். 2016 வரை நானும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

கால்நடை மருத்துவராக எனக்கு வேலை சத்தியமங்கலம் மலையடிவாரத்தில். மேலே மாயாற்றுப் பள்ளத்தாக்கு. செத்த மாடுகளைத் தின்று வாழும் பாறு கழுகுகளில் தமிழ்நாட்டில் மிச்சமிருப்பவற்றுக்கு முக்கியமான புகலிடம் அதுதான். இதைத் தெரிந்துகொண்டே அந்த ஊசியை வைத்திருந்தேன் என்று நினைக்க வேண்டாம். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து கழுகுகளைக் கொல்லும், அது கூடாது என்று தெரியும், அதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அதற்கு மாற்றாகக் கையில் எடுத்ததுதான் கீட்டோபுரோஃபென். பிரச்சினை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த வருஷம் ஒரு நாள் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. சான்றிதழுக்காகத்தான் போனேன், ஒளிப்பானேன். சாப்பாட்டுக்கு முந்தின வகுப்பில் திரையில் ஒரு படம் போட்டார்கள். பிரேதப் பரிசோதனைக்காகத் திறந்த கழுகு. ஈரல் மேலும் இருதய உறை மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. யூரிக் அமிலப் படிவு. சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்தால் பறவைக்குள் நடப்பது இது. கோழியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன் என்பதால் சட்டென்று புரிந்தது. அடுத்த படத்தில், கீட்டோபுரோஃபெனும் பாறு கழுகுகளைக் கொல்கிறது என்ற தென்னாப்பிரிக்க ஆய்வு. வெளிவந்த வருஷம் 2010. நான் ஆறு வருஷம் பிந்தி உட்கார்ந்திருந்தேன்.

பின்கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990களில் தொடங்கி இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோனது. காரணம் புரியாமல் வைரஸா, பூச்சிமருந்தா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பாகிஸ்தானில் செத்த கழுகுகளை ஆராய்ந்தவர்கள், 2004இல் டைக்ளோஃபினாக்கைக் கைகாட்டினார்கள். ஊசி போட்ட சில நாளுக்குள் மாடு செத்தால் அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து இருக்கும். கழுகுக்கு அது போதும். நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய சரிவு வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கூட்டமாக வந்து ஒரே சடலத்தில் உட்காரும் பறவை, வருஷத்துக்கு ஒரே முட்டை. வேறென்ன ஆகும்? 2006இல் மாட்டுக்கான டைக்ளோஃபினாக்கை நிறுத்த உத்தரவு வந்தது.

அப்புறம்தான் வேடிக்கை. மாட்டு ஊசி போனதும், மனிதர்களுக்கான 30 மில்லி குப்பி மாட்டுக்கு வந்தது. 2015இல் அதை ஒரு வேளைக்கான 3 மில்லியாகக் குறைத்தார்கள். மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன, 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு சரிதான் என்றது. இதற்கிடையே சிலர் அசிக்ளோஃபினாக் பக்கம் போனார்கள். பெயரைப் பார்த்தே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது என்று 2016இல் ஆய்வு வந்தது. சட்டை மாற்றிக்கொண்டு வந்த அதே ஆள்.

கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் விலங்குகளுக்குத் தடையானது 2023 ஜூலையில். 2010க்கும் 2023க்கும் நடுவே எத்தனை மூன்று நாள் காய்ச்சல் போயிருக்கும், பாருங்கள். அரசாணை வரும்வரை காத்திருந்து தெரிந்துகொள்ளும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லாமல் போனது இதனால்தான். புது மருந்து வந்தால் சொல்வதற்கு மருந்து நிறுவனத்தின் ரெப் வாசலில் நிற்பார், கூடவே ஒரு பேனாவும் தருவார். பழைய மருந்தை நிறுத்துங்கள் என்று சொல்ல யார் வருவார்? எங்கள் தொழிலில் தொடர்கல்வி என்றால் அல்ட்ராசவுண்டு, கரு மாற்றம் என்று புதிதாகக் கற்பதையே பேசுகிறோம். நான் அதிகம் பயன்பெற்றது, கல்லூரியில் படித்ததை அடித்துத் திருத்திய வகுப்புகளில்தான்.

சரி, எதைப் போடுவது? மெலாக்சிகாம். கழுகுகளுக்குக் கொடுத்துப் பார்த்தே பாதுகாப்பானது என்று 2006இல் உறுதி செய்தார்கள். டோல்ஃபினாமிக் அமிலமும் பின்னர் அந்த வரிசையில் சேர்ந்தது. மெலாக்சிகாம் 'கேட்காது' என்று சொல்லும் சக மருத்துவர்களிடம் எத்தனை மில்லி போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கிலோவுக்கு அரை மில்லிகிராம் கணக்கில், மில்லிக்கு 5 மில்லிகிராம் செறிவுள்ள மருந்து 300 கிலோ மாட்டுக்கு 30 மில்லி வேண்டும். பத்து பதினைந்தோடு நிறுத்திவிட்டு மருந்தைக் குறை சொல்கிறோம்.

போன மழைக்காலத்தில் ஒரு பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். சினை மாடு, மூன்று கால் வீங்கிக் கிடந்தது. சிரிஞ்சை நிரப்பும்போதே, "ஏங் கண்ணு, நேத்து வந்த பையன் சின்னச் சின்னதா பத்து ஒடச்சுப் போட்டானே, அதவே போடுங்க"என்றார். வைக்கோல் போர் ஓரம் பார்த்தால் பத்து 3 மில்லி ஆம்பூல்கள், கழுத்து ஒடிந்து கிடந்தன. மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக். அந்தப் பையனைத் திட்டிப் பயனில்லை, அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "ஆத்தா, மாடு தப்பிச்சுக்கும். தப்பித் தவறி ஒண்ணு ஆயிட்டா மட்டும் ஓடையோரம் இழுத்துப் போடாதீங்க, குழி தோண்டிப் பொதச்சிருங்க" என்றேன். முகம் சுளித்தார். நல்ல வேளையாக மாடு எழுந்துவிட்டது, வழக்கம்போல மூன்றாம் நாள்.

மருந்தக அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் மூன்றும் அச்சில் இருக்கின்றன. நிமெசுலைடைப் பேனாவால் சேர்த்தேன், 2025 பிறந்த சமயத்தில் அதன் தடைச் செய்தி வந்தபோது. அதற்கும் கீழே பென்சிலில் ஃபுளூனிக்சின் என்ற இன்னொரு வலி மருந்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஸ்பெயினில் செத்துக் கிடந்த ஒரு கழுகின் உடலில் அது இருந்ததாகப் படித்த அன்று எழுதியது. அலமாரியில் இன்னும் இரண்டு குப்பி இருந்தது. எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன்.