அலைச்சறுக்குப் பயணம்: முதலில் கரை, பிறகு கார்

பாளையங்கோட்டையில் எலும்பு மூட்டு மருத்துவம் பார்க்கும் என்னிடம், விடுமுறைக்கு நண்பர்களோடு காரில் கிளம்பி, வழியில் கண்ட கடற்கரையில் இறங்கி, இரவல் பலகையில் அலைச்சறுக்கு முயன்றுவிட்டு, தோள்மூட்டு நழுவிக் கை இறங்கிய நிலையிலோ கழுத்து வலியோடோ வரும் இளைஞர்கள் உண்டு. எந்த ஊரில் தங்குவது, எங்கே சாப்பிடுவது என்பதையெல்லாம் அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்திருப்பார்கள். எந்தக் கரையில், எந்த மாதத்தில் கடலில் இறங்குவது என்பதை மட்டும் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள்.

அவர்களுள் பலருக்கு நீச்சல் தெரியும். தாமிரபரணியின் குறுக்குத்துறையிலும் ஊர்க் கிணற்றிலும் பழகிய அந்த நீச்சல்தான் தைரியத்தைக் கொடுக்கிறது. ஆற்று இழுப்பு நம்மைக் கீழே கொண்டுபோனாலும் இரு கரைகளும் கூடவே வருகின்றன. கடலின் இழுப்போ கரையை விட்டே விலக்கிக் கொண்டுபோகிறது. உவரி போன்ற மீனவ ஊர்களில் கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டி அமைத்திருக்கும் தூண்டில் வளைவுகளின் ஓரத்தை நின்று கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். அலை கொண்டுவந்து சேர்த்த நீர் அந்தக் கல்வரிசையை ஒட்டியே ஆழத்துக்குத் திரும்புகிறது. அந்த ஓட்டத்தின் மேல் அலை சரியாக உடையாது; இரு பக்கமும் நுரை புரள, நடுவில் கலங்கலாக ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரியும். புதிதாக வருபவர் அதையே பத்திரமான இடம் என்று நினைத்து இறங்குகிறார். அதில் சிக்கியவர் கரையை நோக்கி நேராக நீந்திக் களைத்துப்போகாமல், பலகையை விடாமல் பற்றிக்கொண்டு, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். இயன்றால் கல்வரிசையை விட்டு விலகி, கரைக்கு இணையாகக் கைகளால் துடுப்புப்போட்டு அலை உடையும் பகுதிக்கு வந்து, அந்த நுரையோடு கரையேற வேண்டும்.

காற்றும் அதே அளவு முக்கியம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வந்து காற்றாலைகளைச் சுழற்றும் மேற்குக் காற்று, தென்கிழக்கு நோக்கிய நம் கரைகளில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. தேர்ந்தவர்கள் அலையின் முகத்தைச் செதுக்கித் தரும் இந்தக் காற்றை விரும்புவார்கள். துடுப்புப்போடும் வலு இல்லாத புதியவரையோ அது பலகையோடு சேர்த்து உள்ளே தள்ளிவிடும். சித்திரை, வைகாசியில் வேறு சிக்கல் இருக்கிறது. வானம் தெளிந்திருக்கையிலேயே, தொலைதூரத் தென்கடலில் எழுந்த நெடிய அலைகள் திடீரென்று கரையேறுவதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6-ஆம் தேதி குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான். ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இவ்வெச்சரிக்கைகளை வெளியிடுகிறது. புறப்படும் முன் கூகுள் வரைபடத்தைப் பார்ப்பவர்கள் இதையும் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், முதல் பயணத்துக்குத் தை முதல் பங்குனி வரையிலான காலமே ஏற்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சாலைகள் காய்ந்திருக்கும். கேரளக் கரையும் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கும். காவல்கிணறு, நாகர்கோவில் வழியாகக் கோவளத்துக்கோ வர்க்கலைக்கோ சென்று, பயிற்றுநர் இருக்கும் ஒரே கரையில் மூன்று, நான்கு நாள்கள் தங்குவது நல்லது. நாளுக்கு ஒரு கடற்கரை என்று ஓடுவது படம் எடுக்க உதவலாம். ஒரு கரையின் மண்திட்டும் ஓட்டமும் பிடிபடுவதற்குள் அடுத்த ஊருக்குக் கிளம்பியிருப்பீர்கள். பலகை எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள, மேற்பரப்பு மிருதுவான நுரைப்பலகையாக இருக்கட்டும்; கணுக்காலில் கட்டும் கயிறு தேயாமல் இருக்கட்டும்.

மணப்பாடு, கூத்தங்குழி போன்ற நம் பக்கத்து மீனவக் கரைகள் அதற்குப் பிறகு வரட்டும். மீன்பிடி ஊர்களில் குளிப்பவரைக் கவனித்துக்கொண்டிருப்பது யாருடைய வேலையும் அல்ல. கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றுக்கு நடுவே பலகையோடு நுழைவது ஆபத்து மட்டுமல்ல, மீனவர்கள் பிழைப்பில் குறுக்கிடுவதும் ஆகும். மரியாதையாகக் கேட்டால், எங்கே இழுப்பு இருக்கிறது என்று அங்குள்ள அண்ணாச்சிகளே சொல்லிவிடுவார்கள். தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூர்ச் சாலையில் பாதயாத்திரை பக்தர்கள் இருட்டிலும் நடந்து செல்வதால், அந்த நாள்களைத் தவிர்ப்பது நலம்.

நான் அதிகம் அஞ்சுவது கழுத்துக் காயத்தைத்தான். இடுப்பளவு நீரில் பலகையிலிருந்து தலைகுப்புற விழுபவரின் உச்சந்தலை மணலில் மோதினால் கழுத்தெலும்பு நொறுங்கலாம். விழும்போது தட்டையாக விழுந்து, இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு எழப் பழக வேண்டும். விழுந்தவருக்குக் கை, கால் மரத்துப்போனால் கழுத்தைத் திருப்பாமல், தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு தாங்கிப் பிடித்து, 108-ஐ அழையுங்கள். கை இறங்கிவிட்டால் எண்ணெய் போட்டு உருவுவதோ இழுத்துப் பார்ப்பதோ கூடாது. நரம்பும் இரத்தக்குழாயும் அங்கேயே ஓடுகின்றன. துண்டால் தூளி கட்டி மருத்துவமனைக்கு வாருங்கள். திருக்கை முள் குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் காலை வைத்தபடி இருந்தால் வலி தணியும். பிறகு காயத்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

திரும்பும் நாளையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை முழுவதும் துடுப்புப்போட்ட தோளோடும், உப்பும் வெயிலும் எரித்த கண்ணோடும் அன்றிரவே நான்குவழிச் சாலையில் திருநெல்வேலி நோக்கி வண்டி ஓட்டுவதிலுள்ள ஆபத்தைப் பார்த்தால், ஓர் இரவு அங்கேயே தூங்கிவிட்டு விடிந்த பின் கிளம்புவதற்கு ஆகும் அறை வாடகை மிகக் குறைவு.