மாடித் தோட்டத்து அவரைக்கு ரைசோபியம் எதற்கு?

பூக்கத் தொடங்கும் தட்டைப்பயறுச் செடி ஒன்றை மண்ணோடு தோண்டி, வேரைத் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். கடுகும் மிளகுமாக முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியென்றால் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கும் வேலை நடக்கிறது.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகிக் கிடப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவிடம் அந்தப் பிணைப்பை உடைக்கும் நைட்ரோஜினேஸ் நொதி இருக்கிறது. 1888இல் பெயரிங்க் என்ற டச்சு அறிஞர் இந்த பாக்டீரியாவை முதன்முதலில் பிரித்தெடுத்தார்.

பயறுச் செடியின் வேர் ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருளைக் கசியவிடும். அதை உணரும் பாக்டீரியா பதிலுக்கு ஒரு சமிக்ஞையை அனுப்ப, வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே அழைத்துக்கொள்ளும். செடி சர்க்கரை தரும், பாக்டீரியா நைட்ரஜனை அம்மோனியாவாக்கித் தரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆக்சிஜன் பட்டால் நைட்ரோஜினேஸ் கெட்டுவிடும்; ஆனால் சுவாசிக்க பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு அளந்து அளந்து கொடுக்கிறது. அந்த இளஞ்சிவப்பு அதன் நிறம்தான். நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு அது உறவு என்பது எனக்கு இன்றும் வியப்பு.

பயறு விளைந்த வயல் மண்ணில் இந்த பாக்டீரியா பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். தென்னை நார்க்கழிவு நிரப்பிய மாடித் தோட்டப் பைகளில் அதை எதிர்பார்க்க முடியாது. பாக்கெட்டில் உயிர் உரமாக விற்கும் ரைசோபியம் உண்மையிலேயே கைகொடுப்பது அங்கேதான். எந்தப் பயிருக்கு உரியது என்று பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள். சோயாவுக்கானது பீன்ஸுக்கு உதவாது. காலாவதித் தேதியும் முக்கியம், உள்ளே இருப்பவை உயிருள்ளவை.

ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து, விதைகள் மீது பூசினாற்போல் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதைத்துவிடலாம். வெயிலில் காயவைத்தால் பாக்டீரியா செத்துவிடும். பூஞ்சைக்கொல்லி கலந்த விதை என்றால் பலன் குறையும். யூரியாவையும் தள்ளி வையுங்கள். நைட்ரஜன் சும்மா கிடைத்தால் செடி முடிச்சு போடாது.

வேரே வீங்கியிருந்து, அந்த வீக்கத்தைத் தனியாக உதிர்க்க முடியாவிட்டால் அது ரைசோபியம் அல்ல, வேரைத் தாக்கும் நூற்புழு. முடிச்சு என்றால் வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினாலே கழன்றுவிடும்.